குறுஞ்செய்தியும் சங்கத்தின் நாணயமும்

சென்ற தீபாவளித் தள்ளுபடி விற்பனை முடிந்த பின்னர் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். கணக்கில் குறையேதும் இல்லை. ஆனால் விற்பனை மேஜைமீது கிடந்த நோட்டுப் புத்தகம் ஒன்று நம் கண்ணில் பட்டது. சேலை வாங்கியோரின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பில் போடுவதற்காகக் கேட்டு வாங்கிய எண்கள் இப்போது விளம்பரத்திற்கும் பயன்படுவதாகக் காரியதரிசி பெருமிதத்துடன் கூறினார். அவருடைய சொந்தக் கைபேசியிலிருந்தும் குமாஸ்தாக்கள் இருவருடைய கைபேசிகளிலிருந்தும் நாள்தோறும் செய்திகள் போயிருக்கின்றன. ஊக்கந்தான், ஆயினும் முறையன்று.

அதன் விளைவையும் அங்கேயே கேள்வியுற்றோம். நெடுநாள் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குச் சங்கத்தின் பெயரால் பரிசுச் செய்தி ஒன்று வந்திருக்கிறது. அதிலிருந்த இணைப்பைத் தொட்டுப் பணத்தை இழந்தார். அனுப்பியவன் எவனோ மோசக்காரன். "உங்கள் செய்தி எப்போதும் ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணிலிருந்துதானே வருகிறது? இது உங்களுடையதன்று என நான் எவ்வாறு அறிவேன்?" என்று அவர் கேட்டாராம். சங்கத்தாரிடம் விடையில்லை.

அவ்விடையை அளிப்பதற்கென்றே விதிகள் உள்ளன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, வியாபாரச் செய்தி அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்புக் கம்பெனியிடம் தன்னைப் பதிவு செய்துகொண்டு, தனக்கெனப் பெயர்க்குறி ஒன்றைப் பெறுதல் வேண்டும். செய்தி வாசகத்தின் மாதிரியையும் முன்னரே பதிய வேண்டும். 2025-இல் செய்த திருத்தத்தின்படி, விளம்பரமாயின் பெயர்க்குறியின் ஈற்றில் 'பி' என்னும் ஆங்கில எழுத்தும், சேவைச் செய்தியாயின் 'எஸ்' என்பதும் சேர்கின்றன. விளம்பரம் வேண்டாதார் 1909 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். மீறி வந்தால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்யலாம். பதிவு பெறாத எண்ணின்மீது புகார்கள் திரண்டால் இணைப்பே துண்டிக்கப்படும்.

சிறிய சங்கத்திற்கு இவ்வளவு தொல்லை எதற்கு என்பார் உளர். சிறிய சங்கத்திற்கு நாணயத்தைத் தவிர வேறு மூலதனம் ஏது என்று நாம் திருப்பிக் கேட்போம். வாடிக்கையாளர் தந்த எண் சங்கத்தின் சொத்தன்று. ஒரு காரியத்திற்காக ஒப்படைத்த பொருள். பிறிதொரு காரியத்திற்கு எடுப்பதாயின் மீண்டும் கேட்டாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும் இதுவே. சம்மதம் அளிப்பது எவ்வளவு எளிதோ அதனைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாயிருத்தல் வேண்டும் என அது கூறுகிறது.

விவசாய அன்பர்களின் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. மஞ்சள் ஏலம் என்று நடக்கும், விற்ற தொகை எப்போது வரவாகும் என்பன விவசாயி எதிர்நோக்கியிருக்கும் சேவைச் செய்திகள். அவற்றின் வாலில் உர விளம்பரத்தைக் கட்டினால் முழுச் செய்தியும் விளம்பரமாகவே கொள்ளப்படும். அதனினும் கேடு, விளம்பரக் குவியலில் ஏலத் தேதி படிக்கப்படாமற் போவது.

வாசகம் எழுதுவோர்க்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு ஒரு செய்தி. தமிழிலோ 70 குறிகளே. அதிலும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 'கூட்டுறவு' என்பது நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து, இயந்திரத்திற்கு ஒன்பது! ஆகவே 'பேரன்புடையீர்' முதலிய உபசாரங்களைத் திருமண அழைப்பிதழுக்கு விட்டுவிடலாம். சிக்கனம் கருதித் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது மட்டும் நமக்குச் சம்மதமில்லை. இரண்டு செய்திகளின் கட்டணமானாலும் ஆகுக.

ஆய்வுக் குறிப்பில் இவற்றை எழுதிக் கையெழுத்திட்டபோது, "நோட்டில் முன்பே உள்ள எண்களை என்ன செய்வது?" என்று காரியதரிசி கவலையுடன் வினவினார். பில்லுக்கு அன்றி வேறெதற்கும் தொடவேண்டாம், பொங்கலுக்குத் துணி எடுக்க வருகையில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்ளலாம் என்றோம். அவர் அடிக்கோலை எடுத்து, எண்களுக்கு அருகே கோடு கிழித்து, தலைப்பில் 'சம்மதம்' என்று எழுதினார்.