தாமானை எங்கே கட்டுவது?

கல்லூரி மாணவருக்கென ஒரு சிறிய பாய்த்தோணி அமைத்துக் கொடுத்தல் வேண்டும் என்னும் பேச்சுப் பழைய மாணவரிடையே எழுந்துள்ளது. பாராட்டுதற்குரிய எண்ணமே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கு மாகடலைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. அத்தகைய கரையிற் பிறந்த பிள்ளைகள் பாய்விரித்து ஓடக் கல்லாதிருத்தல் குறையேயாம். பதினான்கு அடி நீளம், இரு மாணவரும் ஓர் ஆசிரியரும் இருக்கத்தக்க அகலம், ஒரு பெரும்பாய், ஒரு முன்பாய் என்பனவற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. பெரும்பாயின் தாமானை எங்கே கட்டுவது என்ற இடத்திலேதான் அன்பர்கள் இரு கட்சியினராயினர். ஒரு கயிற்றுக்கு இத்துணை வாதமா எனச் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. அதன் காரணத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

தாமான் என்பது பாயை உள்ளிழுக்கவும் வெளிவிடவும் உதவும் கயிறு. சுக்கான் தோணியின் திசையை ஆள்வது. தாமான் அதன் வலுவை ஆள்வது. காற்று மிகும்போது தாமானை நெகிழவிட்டாற் பாய் காற்றைச் சிந்திவிடும். சரிந்த தோணி நிமிரும். உரிய கணத்தில் நெகிழவிட இயலாதாயின் தோணி கவிழும். எனவே, தாமான் எங்கே கட்டப்படுகின்றது என்பது அழகு பற்றிய வினாவன்று. உயிர் பற்றிய வினா.

பாயின் அடிவிளிம்பைத் தாங்கிப் பாய்மரத்தோடு பொருந்திச் சுழலும் மரத்தைப் 'பூம்' என்பர். அதன் நுனியிலிருந்து தோணியின் பின்பலகைக்குத் தாமானைக் கட்டுக என்பது ஒரு கட்சி. பூமின் நடுவிலிருந்து தோணியின் நடுத்தளத்துக்குக் கட்டுக என்பது மறு கட்சி. முன்னவர் நெம்புகோல் விதியைத் துணைக்கழைக்கின்றனர். பூமின் நீளம் 8 அடியென்க. நுனியில் 20 இறாத்தல் விசையால் அடங்கும் பாயை நடுவிலே பிடித்து அடக்க 40 இறாத்தல் வேண்டும். இது மெய்யே. ஆயினும் கப்பிகளைக் கூட்டி இதனை ஈடுசெய்யலாம். நுனியிற் கயிற்றை இரண்டு மடிப்பாகவும் நடுவில் நான்கு மடிப்பாகவும் ஓட்டினால், உராய்வு நீங்கலாக, இரண்டிலும் கைக்கு வருவது 10 இறாத்தலே. நுனி செல்லும் தூரத்திற் பாதியையே நடு செல்லுமாதலால், இழுக்க வேண்டிய கயிற்றின் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. இயற்கை எதனையும் இனாமாகக் கொடுப்பதில்லை. ஆகவே, கைவலுவைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது.

நடுவிற் கட்டுவதற்குரிய குறைகள் வேறு. அங்கே இழுக்கும்போது பூம் நடுவில் வளையும். மெல்லிய மரமாயின் முறியவும் கூடும். தளமும் அவ்விழுப்பைத் தாங்குமாறு உறுதியாக அமைதல் வேண்டும். நான்கு மடிப்புக் கயிறு தோணியின் நடுவே நிற்க, மூவர் இடம் மாறுவது எளிதன்று. மேலும், மடிப்பு மிகுந்தால் உராய்வும் மிகும். இளங்காற்றிற் பாய் தானாக வெளிச்செல்லத் தயங்கும்.

பின்பலகையிற் கட்டுவதன் குறையை நாம் நூலிற் படித்தறியவில்லை, நீரில் விழுந்தறிந்தோம். பல்லாண்டுகளுக்கு முன், சோழகக் காற்று வீசும் ஒரு மாலையில், நண்பர் இருவருடன் கடனீரேரியிற் சென்றிருந்தோம். பின்காற்றில் ஓடுகையில் தோணியைத் திருப்பினோம். பூம் தலைக்கு மேலாக மறுபக்கம் பாய்ந்தது. அந்நேரம் தொய்ந்த தாமான் பின்பலகையின் மூலையில் மாட்டிக்கொண்டது. கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட்டோம். ஆயினும் பாய் நெகிழவில்லை. தோணி காற்றை நோக்கித் திரும்பிக் கவிழ்ந்தது. நீர் மார்பளவே இருந்தமையால் இன்று இதனை எழுதுகின்றோம். குற்றம் காற்றினதன்று. எம் முதுகுக்குப் பின்னே, கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் கயிறு கிடந்ததே குற்றம்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு தீர்த்தனர் என்பதையும் நோக்குவோம். 1947இல் அமெரிக்கராகிய கிளார்க் மில்ஸ் வகுத்த 'ஒப்ரிமிஸ்ற்' ஒரு சிறுவன் தனித்தோட்டும் தோணி. அதன் தாமான் நடுத்தளத்திலிருந்து வருகின்றது. சிறுவன் முன்னோக்கியிருந்தே இழுக்கலாம். 1963இல் இங்கிலாந்தில் வெளிவந்த, ஜாக் ஹோல்ற்றும் பாரி பக்னலும் வகுத்த 'மிரர்' குடும்பத்தார் சேர்ந்து செல்லும் ஒட்டுப்பலகைத் தோணி. அதன் தாமான் முதலிற் பின்பலகையிலேயே அமைந்தது. நடுவிடம் ஆட்களுக்கு விடப்பட்டது. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கேர்பி வகுத்து 1971இல் வெளிவந்த 'லேசர்' இவ்விரண்டையும் இணைத்தது. பின்புறத்திற் குறுக்கே இழுத்துக் கட்டிய ஒரு கயிற்றில் கப்பியொன்று இருபுறமும் ஓடும். தாமான் அங்கிருந்து பூமின் நுனிக்கேறி, பூம்வழியே முன்வந்து, நடுத்தளத்துக் கப்பியிற் புகுந்து ஓட்டுவோன் கையை அடையும். 1996 முதல் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்ற தோணி இது.

மாணவர் தோணிக்கு இம்மூன்றாம் வழியே ஏற்றது என்பது நமது துணிபு. இழுப்பு நுனியில் நிகழ்வதால் மெல்லிய மரமும் போதும். கயிறு முன்னிருந்து வருவதால் மாணவன் முதுகைத் திருப்பான். அவன் கண் பாயின்மேலும் எதிர்வரும் காற்றின்மேலும் இருக்கும். நடுவில் நிற்பது ஒற்றைக் கயிறேயாதலால் ஆசிரியர் அதற்கு முன்னே இருந்துகொள்ளலாம். மூலையில் மாட்டும் குறை இதிலும் முற்றாக நீங்காது என்பதை ஒளிக்கமாட்டோம். ஆனால் பூம் நடுவைக் கடக்கும் கணத்திற் கயிற்றை ஒருமுறை வெடுக்கென உள்ளிழுத்தால் அத்தொய்வு எழுந்துவிடும். முன்னோக்கி இருப்பவனுக்கு அது எளிது. பின்புறத்துக் குறுக்குக் கயிறு சுக்கான் பிடியைத் தடுக்காதவாறு இறுக்கமாக இருத்தலும் வேண்டும்.

இன்னுமொன்றை வற்புறுத்துகின்றோம். தாமானை இறுகப் பற்றி நிறுத்தும் கவ்வியெதனையும் இத்தோணியிற் பொருத்துதலாகாது. பிள்ளைகளின் கை நோகுமே என்று இரங்கும் அன்பர்க்கு, இழுக்கும்போது சுழன்று, விடும்போது பற்றி நிற்கும் கப்பி உண்டு என்போம். அது கையின் பாரத்தைக் குறைக்கும். கையின் பொறுப்பை எடுத்துக்கொள்ளாது. கவ்வியோ பொறுப்பையும் எடுத்துவிடும். கயிற்றைக் கவ்வியில் மாட்டிவிட்டு அயலாரோடு பேசியிருப்பவன், காற்று வந்தபின்னரே கவ்வியைத் தேடுவான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பலகையிலே துளையிடுமுன், கப்பிகளைத் தற்காலிகமாகக் கயிற்றாற் கட்டி, மெல்லிய காற்றுள்ள ஒரு நாளில், மிதப்பங்கி அணிந்த மாணவரையே மூன்று முறையிலும் ஓட்டச் செய்க. எந்த முறையிற் சிறியவன் அஞ்சாது கயிற்றை நெகிழவிடுகின்றானோ அந்த முறையே முடிவாகுக. அது நமது கருத்துக்கு மாறாக அமையினும் மகிழ்ந்து ஏற்போம். கரையிலிருந்து வாதிக்கும் நாம் அத்தோணியில் ஏறப்போவதில்லை, ஏறப்போகின்றவர்கள் பிள்ளைகளே.