போனக்காட்டின் தேயிலையும் ஐரோப்பாவின் கப்பல் கட்டணமும்: மலையின் விலையைக் கடல் தீர்மானித்த கதை

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகர் மாவட்டத்தின் கடலோரத்தில், உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்கும் விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மலைமுனையில், விதுராவுக்கு மேலே, அகத்தியர் கூடத்துக்குச் செல்வோர் நடைப்பயணத்தைத் தொடங்கும் இடத்தில் போனக்காடு இருக்கிறது. அங்கே ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறது. தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. தோட்டத்துக்காகத் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் சிதிலமடைந்த லயங்களில் வாழ்ந்தபடி, நிலுவைக் கூலிக்காகவும் பணிக்கொடைக்காகவும் காத்திருக்கின்றனர்.

நிர்வாகச் சீர்கேடு, வயதான செடிகள், மறுநடவுக்கு முதலீடின்மை என இத்தகைய தோட்டங்களின் வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் தென்னிந்திய மலைத் தேயிலையின் வருவாயை நெடுங்காலம் நிர்ணயித்த விசை ஒன்று கடலுக்கு அப்பால் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பா, சரக்குப் போக்குவரத்து குறித்துத் தனக்குள்ளும் பிறருடனும் நடத்திய வழக்குகளைப் பார்த்தால் அது விளங்கும்.

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உணவு அமைச்சகமே தேயிலையை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 1951-ல் லண்டன் ஏலம் மீண்டும் தொடங்கியது. 1952 அக்டோபரில் அந்நாட்டில் தேயிலைப் பங்கீடு முடிவுக்கு வந்தது. கொச்சியில் 1947-லேயே ஏலம் தொடங்கியிருந்தும், ஏற்றுமதித் தேயிலைக்கு அளவுகோலாக லண்டன் விலையே நீடித்தது. அங்கே கிடைக்கும் தொகையிலிருந்து கப்பல் கட்டணம், காப்பீடு, கிடங்கு வாடகை, தரகு ஆகியவற்றைக் கழித்த மிச்சமே தோட்டத்துக்கு வரும். விலை ஏலத்தில் ஏறி இறங்கலாம். கப்பல் கட்டணமோ பெரும்பாலும் ஒரே திசையில்தான் நகர்ந்தது.

அதற்குக் காரணம், 'கான்ஃபரன்ஸ்' எனப்பட்ட கப்பல் நிறுவனக் கூட்டமைப்புகள். அவற்றுள் முதலாவது 1875-ல் கல்கத்தா - பிரிட்டன் வழித்தடத்துக்காகவே உருவானது. உறுப்பு நிறுவனங்கள் கூடிப் பேசி ஒரே கட்டணத்தை விதிக்கும். அவர்களுடைய கப்பல்களிலேயே தொடர்ந்து சரக்கு அனுப்பும் வணிகருக்குக் கட்டணத்தின் ஒரு பங்கு பல மாதங்கள் கழித்துத் திருப்பித் தரப்படும். இடையில் ஒரேயொரு பெட்டியை வெளியார் கப்பலில் ஏற்றினாலும் அத்தொகை முழுவதும் பறிபோகும். 1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடி - கொழும்பு வழித்தடத்தில் கட்டணக் குறைப்புப் போரை எதிர்கொண்டார். கான்ஃபரன்ஸ்களின் போட்டியாளர்களோ அத்துடன் இந்தத் தள்ளுபடிக் கண்ணியையும் சந்திக்க நேர்ந்தது.

தரையில் ஒரு நீதி, கடலில் ஒரு நீதி

இதே சிக்கலைத் தன் எல்லைக்குள் ஐரோப்பா வேறு விதமாகக் கையாண்டது. 1952-ல் நிலக்கரி, எஃகுச் சமூகம் செயல்படத் தொடங்கியபோது முதலில் எழுந்த சச்சரவுகளுள் ஒன்று ரயில் கட்டணம். தொலைவு கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைவது ரயில்வேயின் வழக்கம். ஆனால் சரக்கு எல்லையைக் கடந்ததும், பயணம் புதிதாகத் தொடங்கியதுபோல் கணக்கு மீண்டும் முதலிலிருந்து எழுதப்பட்டது. ஒரே தொலைவுக்கு உள்நாட்டு நிலக்கரி ஒரு கட்டணமும், அண்டை நாட்டு நிலக்கரி அதைவிடக் கூடுதலாகவும் செலுத்தின. சுங்க வரியை நீக்கிவிட்டுக் கட்டணத்தின் வழியே அதை மீட்டெடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 1955-ல் எட்டப்பட்ட நேரடிப் பன்னாட்டுக் கட்டண உடன்பாடு முடிவு கட்டியது.

கட்டணப் பாகுபாடும் ஒருவகை வர்த்தகத் தடையே என்பதை ஆறு நாடுகளும் ஒப்புக்கொண்ட தருணம் அது. எனினும் 1957-ன் ரோம் ஒப்பந்தம் தரைப் போக்குவரத்துக்குப் பொதுக் கொள்கை வகுத்தபோது, கடலையும் வானையும் அமைச்சரவையின் ஒருமித்த முடிவுக்கு விட்டுவைத்தது. தரைக் கொள்கையும் வேகமாக நகரவில்லை. அமைச்சரவை கடமை தவறியதாக ஐரோப்பிய நாடாளுமன்றமே வழக்குத் தொடுத்து, 1985-ல்தான் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றது.

இதனிடையே 1967 ஜூனில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. மும்பையிலிருந்து லண்டனுக்குச் சுமார் 6,200 கடல் மைலாக இருந்த பயணம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 10,000 கடல் மைலைத் தாண்டியது. கான்ஃபரன்ஸ்கள் கூடுதல் கட்டணம் விதித்தன. 1975 ஜூன் வரை எட்டு ஆண்டுகள் நீடித்த இந்தச் சுமையில், பெட்டிக்கு அதிக விலை பெறும் தேயிலையைவிட மலிவான சாதாரணத் தேயிலையே பெரிதும் நசுங்கியிருக்க வேண்டும். கட்டணம் எடைக்கும் கன அளவுக்கும்தான், தரத்துக்கு அல்ல.

வளரும் நாடுகளின் பதில் 1974 ஏப்ரலில் ஜெனீவாவில் வந்தது. ஐ.நா. ஏற்றுக்கொண்ட கப்பல் கூட்டமைப்பு நடத்தை நெறி, வழித்தடத்தின் சரக்கை 40:40:20 என்ற விகிதத்தில் பகிர வழிகாட்டியது. வர்த்தகம் செய்யும் இரு நாடுகளின் கப்பல்களுக்குத் தலா 40 பங்கு, பிறருக்கு 20. 1961-ல் உருவான இந்தியக் கப்பல் கழகத்தைக் கையில் வைத்திருந்த இந்தியா இதை ஆதரித்ததில் வியப்பில்லை. ஐரோப்பியச் சமூகம் 1979-ல் விதிவிலக்குகளுடன் இணங்கியது. 1983-ல் நெறி நடைமுறைக்கு வந்தபோது கன்டெய்னர் யுகம் பிறந்துவிட்டது. பங்கீடு பேசிய நெறிக்குப் பிடி கிடைக்கவில்லை.

சுங்க வரி இந்தக் கதையில் சிறிய பாத்திரமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் கறுப்புத் தேயிலைக்கு இன்று வரியில்லை. மூன்று கிலோ வரையிலான பொதிகளில் செல்லும் பச்சைத் தேயிலைக்கு 3.2 சதவீதம் உண்டு. இப்போதைய தடை பூச்சிக்கொல்லி எச்ச வரம்புகளில் இருக்கிறது. லண்டன் ஏலமோ 1998 ஜூன் 29-ல் நிரந்தரமாக மூடப்பட்டது.

மீண்டும் ஜெனீவா

கான்ஃபரன்ஸ்களுக்குத் தந்திருந்த போட்டிச் சட்ட விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2008 அக்டோபரில் நீக்கியது. கப்பல் இடத்தைப் பகிரும் கூட்டமைப்புகளுக்கான விலக்கு 2024 ஏப்ரலில் காலாவதியானது. சட்டம் மாறினாலும் கப்பல்கள் சில கைகளிலேயே குவிந்துள்ளன. விழிஞ்ஞத்தின் முதன்மை வாடிக்கையாளரான எம்.எஸ்.சி., ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனம். 2025 மே 2-ல் பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மாதம் 25-ல், விழிஞ்ஞத்திலிருந்து புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' கொச்சி அருகே 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. ரூ.9,531 கோடி இழப்பீடு கோரிக் கேரள அரசு உயர் நீதிமன்றத்தை நாடியுள்ளது. கடலோர மீனவருக்கு அந்த வழக்கு வாழ்வாதாரப் பிரச்சினை.

போனக்காட்டுக்கோ அத்தகைய வழக்கு எதுவும் இல்லை. தோட்டம் முடங்கினால் இழப்பைச் சுமப்பவர் கப்பல் நிறுவனமோ ஏல நிறுவனமோ அல்ல. கூலி பாக்கி உள்ள தொழிலாளியே. அகத்தியர் மலையின் தமிழகப் பக்கத்தில், நெல்லை மாவட்டத்து மாஞ்சோலையிலும் 2024-ல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்கும் நிலை உருவானது. இரு இடங்களின் சட்டப் பின்னணி வேறு. கீழே இறங்குவோருக்குக் காத்திருக்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே.

விழிஞ்ஞத்தின் தொடக்க வணிகம் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்குச் சரக்கு மாற்றுவதாகவே அமைந்தது. பாலராமபுரம் வரை திட்டமிடப்பட்டுள்ள 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை அமைந்தால் உள்நாட்டுச் சரக்கு பெரிய அளவில் அங்கு வர வழி பிறக்கும். அப்போது தென்மாவட்ட ஏற்றுமதியாளர்கள் கட்டணத்தைப் பேரம் பேச முடியுமா என்பது, அந்த முனையத்தில் எத்தனை கப்பல் நிறுவனங்கள் போட்டியிடுகின்றன என்பதைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கட்டணக் குறைப்பின் பயனைப் பெறப் போனக்காட்டில் இன்று ஏற்றுமதிக்குத் தேயிலை இல்லை.