மலையடிவாரத்துச் சபைக்கு யார் அண்டை வீட்டார்?

1921இல் திருப்பத்தூரில் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். முறையே பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அவர்களை அழைத்தார்கள். வெள்ளையரும் இந்தியரும் சரிநிகராக வாழ்ந்து ஊழியம் செய்ய முடியும் என்று காட்டுவதே அவர்களுடைய நோக்கம். கதர் உடுத்தினார்கள், மருத்துவமனை நடத்தினார்கள், கோபுரத்தோடு ஜெபாலயம் எழுப்பினார்கள். 1932இல் சென்னையில் சின்னண்ணன் காவலர்களிடம் அடியும் பட்டார்.

ஆசிரமத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோபுரத்தை வியப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர்கள் தேர்ந்த இடம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவருபவர்களுக்குத் திருப்பத்தூரும் ஆலங்காயமும் போளூரும் செங்கமும்தான் சந்தை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம். அப்படியோர் ஊரில் மருத்துவர்களே வந்து குடியேறினார்கள்.

இன்றைய சபைகளின் கதை வேறு. 1947இல் ஆங்கிலிக்கன் சபையும் மற்ற சபைகளும் இணைந்து, பேராயர்களின் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இந்தப் பகுதிக்குப் பேராயர் இருப்பது வேலூரில். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் (சிஎம்சி) அங்கேதான். சிஎம்சி மலைக்கு மருத்துவப் பணியைக் கொண்டுசெல்கிறது; அதை மறுக்க முடியாது. ஆனாலும் 2023இல் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலைக்கிராமத்தில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால், பிள்ளையின் உடலைத் தாய் சுமந்துகொண்டு மலையேறினார். மருத்துவம் மட்டுமல்ல, பிழைப்பும் தூரத்தில்தான். 2015இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறை சுட்டுக்கொன்ற இருபது பேரில் பலர் ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்டப் போனார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். உள்ளூரில் கூலி இருந்தால் அத்தனை தூரம் ஏன் போகிறார்கள்?

சாலை போடுவதும் வேலை தருவதும் அரசின் கடமை, திருச்சபையுடையதல்ல. ஆனால் அடிவாரத்துச் சபைகளால் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்தால் வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் சபைக் கூடங்களில், நோயாளியோடு இறங்கிவருபவர்கள் இரவு தங்கலாம். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் தங்கலாம். மதம் கேட்கக் கூடாது, மதம் மாற்றும் எண்ணமும் கூடாது. இல்லையென்றால் மலைமக்கள் அந்த வாசலை நம்ப மாட்டார்கள். ஆயர்களை இடம் மாற்றும்போது காணிக்கைக் கணக்கோடு இதையும் பேராயம் கேட்கட்டும்: உங்கள் கூடத்தில் இந்த ஆண்டு மலையிலிருந்து வந்தவர் எத்தனை பேர் தங்கினார்கள்?