கண்ணைப் பார்த்துப் பேசலைன்னா பொய்யா? ஆட்டிசமும் நேர்மையும்

திருமங்கலம் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்வோம். "சாம்பார் எப்படிப்பா இருக்கு?" என்கிறார் பெரியப்பா. வரிசையாக எல்லோரும் "சூப்பர் பெரியப்பா" என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள இளைஞர் மட்டும், "உப்பு தூக்கலா இருக்கு" என்கிறார். உடனே, "எங்க என்ன பேசணும்னே தெரியாதா?" என்று ஒரு குரல்.

கேட்ட கேள்விக்குத்தான் அவர் பதில் சொன்னார். பெரியப்பா எதிர்பார்த்தது பாராட்டை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆட்டிசம் உள்ளவர்கள் பொய்யே சொல்ல மாட்டார்களா?

இது பாராட்டு மாதிரி தெரியும். ஆனால் உண்மை இல்லை. 1985-ல் வெளியான ஒரு பிரபல பிரிட்டிஷ் ஆய்வில், 'இன்னொருவர் மனதில் தவறான எண்ணம் இருக்கலாம்' என்பதைக் கணிக்கும் சோதனையில் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறினார்கள். இவர்களால் பொய் சொல்லவே முடியாது என்ற எண்ணம் வலுப்பட இது ஒரு காரணம். பின்னால் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. இந்தக் குழந்தைகளும் பொய் சொல்கிறார்கள். குறுக்குக் கேள்வி கேட்டால் சமாளிப்பதுதான் பலருக்குக் கஷ்டம்.

அப்போ பிரச்சினை எங்கே?

உண்மையைச் சொன்னாலும் நம்பப்படாததுதான் பிரச்சினை. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் வீடியோக்களை 1,400-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள்தான் அதிகம் ஏமாற்றுபவர்களாகத் தெரிந்தார்கள். கண்ணைப் பார்க்காதது, கையை அசைத்துக்கொண்டே இருப்பது, ஏற்ற இறக்கமில்லாத பேச்சு ஆகியவற்றை நாம் 'திருட்டு முழி' கணக்கில் சேர்த்துவிடுகிறோம். வேலை இன்டர்வியூவிலோ காவல் நிலைய விசாரணையிலோ இந்தத் தப்புக்கணக்குக்கு விலை அதிகம்.

தவறு ஒரு பக்கம் மட்டுமா?

இல்லை என்கிறார் டேமியன் மில்டன். ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான இவர், புரிதல் இல்லாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். எடின்பரோவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குக் கடத்துவதில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த குழு மற்றவர்கள் குழுவுக்குச் சமமாகவே செய்தது. இரு தரப்பும் கலந்த குழுவில்தான் தகவல் அதிகம் தொலைந்தது.

என்ன செய்யலாம்?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலைகளுக்கான 4% இடஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் நேர்காணல் உள்ள வேலை என்றால், அந்த நாற்காலி வரை போக முதலில் அதைத் தாண்ட வேண்டுமே! "உங்களைப் பத்தி சொல்லுங்க" என்பதற்குப் பதில், "போன வேலையில் நீங்கள் செய்த ஒரு பணியைச் சொல்லுங்க" என்று கேட்கலாம். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தரலாம். கண்ணைப் பார்ப்பதற்கு மார்க் போடுவதை நிறுத்தலாம். இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறார் வள்ளுவர். பெரியப்பா மனசு நோகாமல் இருக்க நாம் சொல்லும் "சூப்பர்" அந்த ரகம். அதைச் சொல்ல வராதவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிட மாட்டார். அடுத்த பந்தியில் உப்பைக் குறைக்க உதவப்போவது அவர் பதில்தான்.