ராஜன் வீழ்ந்தான், மீரியபெத்தவை வீழ்த்தியவர் யாவர்?

சென்ற மாதம் பண்டாரவளையில் தோட்டத்து இளைஞர் சிலர் ஒன்றுகூடி, “அந்த நாள்” என்னும் பழைய படத்தைச் சுவரிலே வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டனர். அழைப்பின்பேரில் யானும் சென்றிருந்தேன். படம் முடிந்ததும் எழுந்த வாக்குவாதம் படத்தினும் நீண்டது. அவ்வாதத்திற் பிறந்ததே இக்கட்டுரை.

படம் 1954இல் வெளிவந்தது. ஏவி.எம். தயாரிப்பு, நெறியாண்டவர் எஸ். பாலசந்தர். அதில் ஒரு பாட்டுமில்லை, ஓர் ஆட்டமுமில்லை. வீணையிற் பெரும் வித்துவானாக விளங்கியவரே பாட்டில்லாத் தமிழ்ப் படத்தைத் தந்தார் என்பது ஒரு வேடிக்கைதான்! 1943 அக்டோபர் 11ஆம் நாள் இரவு ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசுகின்றனர். (அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் அவர்தம் குண்டுகளை ஏற்றதை முதியோர் வாய்க் கேட்டிருப்பீர்கள்.) மறுநாள் ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிற் சுடப்பட்டுக் கிடக்கின்றான். அண்டை வீட்டார், சகோதரன், சகோதரன் மனைவி, ஆசை நாயகி, கட்டிய மனைவி என ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுகின்றனர். ஒவ்வொரு வாக்குமூலமும் இறந்தவன்மீதிருந்த ஒரு போர்வையை விலக்குகின்றது. எல்லாம் விலகியபின் எஞ்சுபவன், தாய்நாட்டின் இரகசியங்களை எதிரிக்கு விற்ற துரோகி.

அவன் ஏன் துரோகியானான்? அவன் அறிவைத் தன் நாட்டார் மதிக்கவில்லை, அந்நியன் மதித்தான். இவ்வளவே காரணம். இதைச் சிவாஜி கணேசன் சொல்லும் விதத்திலே, நெஞ்சம் ஒரு கணம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகின்றது. எனக்கும் சாய்ந்தது, அதை மறைப்பானேன்?

அந்தச் சாய்வைத்தான் ஓர் இளைஞன் பற்றிக்கொண்டான். “ஐயா, ராஜன்மேற் குற்றமில்லை. ஒருவனுடைய விண்ணப்பத்தை எடுத்தெறிந்தால் அவன் வேறென்ன செய்வான்? எங்களையும் அப்படித்தானே எறிந்தார்கள்?” என்றான். அவனுடைய உறவினர் மீரியபெத்தவில் மண்ணுக்குள் இருக்கின்றனர். ஆகவே அவனுக்கு ஏட்டுச் சட்டம் பேசி விடையிறுத்தல் தகாது.

எனினும் அவன் கணக்குப் பிழையென்றே கூறினேன். ஒரு நிராகரிப்பு ஒரு துரோகியை உண்டாக்குமாயின், மலைநாடு எத்தனை இலட்சம் துரோகிகளை உண்டாக்கியிருத்தல் வேண்டும்! 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. ஏற்கப்பட்டோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவினரே. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் எழுதி மக்களை எண்ணிப் பங்கிட்டனர். ஆயினும் விண்ணப்பம் திரும்பிவந்த அதே கரங்கள் மறுநாட் காலையில் கொழுந்துக் கூடையைத் தூக்கின. காயம் ஒருவனை ஏன் கசந்தான் என்று விளக்கும். அவன் செய்ததனைத்தையும் அது மன்னிக்காது. படத்திலே மனைவி உஷா நிற்பதும் அந்த எல்லைக் கோட்டில்தான். அவள் கணவனை நேசிக்கின்றாள். ஆனாலும் அவள் கைத்துப்பாக்கியே அவனை முடிக்கின்றது.

இதுவரை யான் வென்றதாகவே நினைத்தேன். இளைஞன் விடவில்லை. “சரி ஐயா, ராஜனுக்கு ஒரு குண்டு கிடைத்தது. மீரியபெத்தவுக்கு வில்லன் யார்? அவரை எந்தப் படத்தில் காட்டுவார்கள்?” என்றான். நியாயவாதியாகிய என்னிடம் அவ்வேளை விடையில்லை.

2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில், கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தது. லயங்கள் புதைந்தன. முதல்நாட் செய்திகள் நூற்றுக்கணக்கானோர் என்றன. பின்னர் எண்ணிக்கை குறைந்து, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் என்றாயிற்று. பலருடைய உடல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. காலையிற் பள்ளிக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து நிற்பதற்கு வாசலே இருக்கவில்லை.

மலை சொல்லாமல் வந்ததா? இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. “சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்று பின்னர்ச் சமாதானம் கூறினர். எங்கே போவது? நிலம் அரசாங்கத்தினது, 1992 முதல் நிருவாகம் கம்பனிகளினது, லயம் தோட்டத்தினது, ஆபத்து ஒன்றே தொழிலாளியின் சொந்தம்! லயத்தை விட்டால் வேலையும் கூடவே போய்விடுமே என்னும் அச்சம் வேறு. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ வயல் செய்யும் அன்பர்கள் எண்ணிப் பாருங்கள். குளக்கட்டு வெடித்திருக்கின்றது என்று பொறியியலாளர் எழுதிக் கொடுத்தபின், கட்டையும் திருத்தாது, மாற்று நிலமும் காட்டாது, கீழே குடியிருப்பவரிடம் கடிதத்தை மட்டும் நீட்டினால் அதை எச்சரிக்கை என்பீர்களா? தம்மேற் பழி வராதபடி எழுதிவைத்த பற்றுச்சீட்டு என்பீர்களா?

தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் மரணம் விளைத்தலைக் குற்றமென்கின்றது. ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கின்றது. ஆனால் அப்பிரிவு ஒரு மனிதனைத் தேடுகின்றது. ஒரு கோவை மூன்று மேசைகளிற் பத்தாண்டு உறங்கினால், எந்த மேசையைக் கூண்டில் ஏற்றுவது? ராஜன் ஒவ்வொரு படியாக அறிந்தே இறங்கினான். இங்கேயோ எவரும் இறங்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நாற்காலியில் இருந்தபடியே இருந்தனர், மலைதான் இறங்கியது. கொடியவன் ஒருவனைக் காட்டி, அவன் சாவைக் கண்டு நிம்மதியாக வீடு திரும்பப் பழக்கிய படங்கள்மேல் எனக்கு இப்பொழுது ஒரு மனத்தாங்கல் உண்டு. “அந்த நாள்” நல்ல படம்; அதன்மேலும் உண்டு.

உயிர்தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ ஈராண்டு ஒண்டியிருந்து, 2016இல் வீடு பெற்றனர். அது நன்று. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த “டித்வா” புயலிற் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்தன. மீண்டும் மனிதர் புதைந்தனர். 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் அரசாங்கங்கள் மாறி மாறிக் கூறிய காணி, உறுதியோடு கைக்கு வந்த குடும்பங்கள் சிலவே.

இளைஞனுக்கு அன்று கூறாத விடையை இங்கு எழுதுகின்றேன். தம்பி, உன் வில்லனுக்கு முகம் இல்லையெனில், முகம் வரைவது நம் வேலை. ஊவாவில் எந்தெந்த லயங்கள் ஆபத்தானவையென எழுதப்பட்டன, எந்நாளில், எவருக்கு, அவர் என்ன மறுமொழி அளித்தார் என்பதைத் தோட்டந்தோட்டமாகப் பட்டியலிடுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகின்றது. பெயரும் தேதியும் ஏறிய தாளை நீதிமன்றம் எளிதில் ஒதுக்க முடியாது.

வரும் ஞாயிறு காலை பூனாகலையிலிருந்து தொடங்குகின்றோம். எச்சரிக்கைக் கடிதத்தின் பிரதி எவரிடமேனும் இருப்பின், எத்துணை கசங்கியிருப்பினும், எடுத்துவருக. தமிழறிந்த எழுதுவினைஞர் இருவரும், சிங்களத்தில் மனு எழுதவல்லார் ஒருவரும் தேவை.