எள்ளுத் தாத்தாவின் மச்சம்

அப்பா பெயர் தெரியும். தாத்தா பெயரைப் பாதிப் பேருக்கு நமக்கே வைத்துவிடுவார்கள் என்பதால் அதுவும் தெரியும். கொள்ளுத் தாத்தா? அங்கேதான் எல்லோரும் விட்டத்தைப் பார்க்கிறோம். ரஜினி படங்களை ரிலீஸ் தேதியோடு ஒப்பிக்கிற கள்ளக்குறிச்சி நண்பர் ஒருத்தர், "அதெல்லாம் எங்க பாட்டியோட போச்சுங்க" என்று முடித்துக்கொண்டார்.

நான் பி.காம். காலேஜில் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். பாக்கி இருந்தால்தான் ஒருத்தன் பெயர் பேரேட்டில் ஏறும். வம்சாவளியிலும் இதே கணக்குத்தான் ஸார்!

1860, நவம்பர் 16. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொரு நம்பர் போட்டு, பெயர், அப்பா பெயர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் எங்கே மச்சம், எங்கே தழும்பு என்று எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். பாசமா? ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! ஆனால், அந்த ரிஜிஸ்தரை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு டர்பன் பேரன்கள் இங்கே வந்து எள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடுகிறார்கள்.

கப்பல் ஏறாமல் கள்ளக்குறிச்சியிலேயே நிலம் வைத்திருந்தவரையும் விடவில்லை. நிலவரி! செட்டில்மென்ட் ரிஜிஸ்தர், பட்டா, கிரயப் பத்திரம்... 'இன்னார் குமாரர் இன்னார்' என்று பிடித்துக்கொண்டே போனால் மூன்று தலைமுறை கிடைக்கும்.

கல்வராயன் மலை ஏறினால்தான் பேரேடு காலி. 1976 வரை அங்கே ஜாகிர்தார்கள் ராஜ்ஜியம். கொடுக்க வேண்டியதை அவர்களிடம் கொடுத்தார்கள். சர்க்காருக்குத் தனி ஆளின் பெயரே தேவைப்படவில்லை. அங்குள்ள மலையாளிப் பழங்குடிகளுக்கு (கேரளாக்காரர்கள் இல்லை, மலைவாசிகள்) வம்சாவளியெல்லாம் வாய்க்கணக்குதான். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் வந்தார்கள், ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பார்கள்.

கதைதானே என்று சிரிக்காதீர்கள். 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் உழுகிற நிலம் எனக்குத்தான் என்று மனு போட்டால், ஆதாரம் எங்கே என்பார்கள். 2008-ன் விதிகளில் எதையெல்லாம் ஆதாரம் என்கிறார்கள் தெரியுமா? பழைய ஆவணத்தில் இருப்பவரோடு நம்மை இணைக்கும் வம்சாவளி, கிணறு, இடுகாடு, கோயில், மனு போடாத ஒரு பெரியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம். இதில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது, ஒன்றுக்கு மேல் வேண்டும். ஆக, பக்கத்து வீட்டுக் கிழவியோடு வேலித் தகராறு வேண்டாம். நாளைக்கு அவர்தான் உங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸ்!

பட்டணத்தில் இருக்கிற நமக்கும் இது பொருந்தும். பிறப்பு இறப்பைக் கட்டாயம் பதியச் சொன்ன மத்தியச் சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முந்தின ஆட்கள் பலர் பாட்டிகளின் தலைக்குள் மட்டுமே இருக்கிறார்கள். அந்த ஆபீசுக்கு எப்போது நிரந்தர லீவு விடுவார்கள் என்று சொல்ல முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டோடு உட்காருங்கள். யார் பிள்ளை, எந்த ஊர், எந்த நிலம், எங்கே புதைத்தார்கள்? நாலே கேள்விதான். அவர்கள் நமக்குக் கடன்பட்டவர்கள் இல்லை, நாம்தான் அவர்களுக்கு. பாக்கி வசூலிக்க வந்தவனே அவ்வளவு எழுதினான். பாக்கி வைத்திருக்கும் நாம் ஒரு பக்கமாவது எழுத வேண்டாமா?