வலைக்குத் தூபம்

கடலோரப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலம் அது. திருவிழாவுக்கு முந்திய நாள் மாலை, வழமைபோல் கரையில் வள்ளங்களும் வலைகளும் மந்திரிக்கப்பட்டன. பீடப்பணிச் சிறுவர் தூபக்கலசம் ஏந்தி முன்னே செல்ல, நான் தீர்த்தம் தெளித்தவாறு வாடி வாடியாகச் சென்றேன். எல்லாம் நிறைவுற்ற பின்னர், கரையில் இழுத்து வைத்திருந்த கட்டுமரமொன்றின்மீது அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்தார்.

"சுவாமி, எல்லா வலையையும் மந்திரிச்சுப் போட்டீங்கள். ஒரு வலையின்ரை கண்ணையாவது அளந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

சிரித்துச் சமாளித்து வந்துவிட்டேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு, வலைக்கண்ணின் அளவைப் பற்றி எதுவுமே தெரியாது. சட்டம் தடைசெய்த வலைகளும் அன்று என் தீர்த்தத்தில் நனைந்திருக்கக்கூடும். என் தூபப் புகை அவற்றின் மேலும் படிந்திருக்கக்கூடும்.

அன்றிரவு இறைவாக்கினர் அபக்கூக்கின் நூலைத் திறந்தேன். அந்நூலின் முதல் அதிகாரத்தின் இறுதிப் பகுதியில் (1:14-17) இறைவாக்கினர் ஆண்டவரிடம் முறையிடுகின்றார். மக்களினங்களை விழுங்கும் கல்தேயனை அவர் ஒரு மீன்பிடிப்பவனுக்கு ஒப்பிடுகின்றார். அவன் எல்லாரையும் தூண்டிலால் இழுக்கின்றான், வலையால் வாருகின்றான். தன் உணவு கொழுமையாவது அந்த வலையினால்தான் என எண்ணி, அவ்வலைக்கே பலியிட்டுத் தூபமும் காட்டுகின்றான். இவ்வாறு வலையை நிரப்புவதும் கொட்டுவதுமாக அவன் முடிவின்றிக் கொன்று குவிக்கலாமா என்பதே இறைவாக்கினரின் கேள்வி. பேரரசு ஒன்றின் பேராசையைக் குறித்து எழுதப்பட்ட பகுதி அது. ஆனால் கடலோரப் பங்கிலே இருந்து வாசித்தபோது, உவமையாக அல்லாமல் நேரடியாகவே அது என்னோடு பேசிற்று.

அன்பார்ந்தவர்களே, நம் கடலுக்கு என்ன நேர்ந்திருக்கின்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பாக்கு விரிகுடா ஆழமற்ற கடல். பெரும்பாலான இடங்களில் அதன் ஆழம் 15 மீற்றரைத் தாண்டுவதில்லை. சூரிய ஒளி அடிவரை செல்வதால் அங்கே கடற்புல் செழித்து வளர்கின்றது. அது பாசியன்று, வேரும் பூவும் உடைய தாவரம். அதன் வேர்கள் மணலைப் பற்றிப் பிடிக்கின்றன. அதன் இலைகளுக்கிடையே இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் ஓரா மீன்களும் ஒளிந்து வளர்கின்றன. நம் மீனவர் கடற்பன்றி என்று அழைக்கும் கடற்பசு இப்புல்லையே மேய்கின்றது. மணலை உண்டு, சுத்திகரித்து வெளியேற்றும் கடலட்டையும் இங்குதான் வாழ்கின்றது. சுருங்கக் கூறின், இக்கடற்புல் வெளி கடலின் தொட்டில் ஆகும்.

இத்தொட்டிலின் மேல்தான் இழுவைமடி ஓடுகின்றது. படகின் பின்னே கனத்த இரு பலகைகள் கடலடியை உழுதுகொண்டு செல்ல, அவற்றின் இடையே பை போன்ற மடி வாய் விரித்துச் செல்கின்றது. மண்ணுள் பதுங்கிய இறாலைக் கிளப்புவதற்காக அதன் அடிக்கயிற்றிற் சங்கிலி கோக்கப்படுகின்றது. அது புல்லைப் பெயர்க்கின்றது. கடற்பஞ்சுகளையும் முருகைக் கற்களையும் உடைக்கின்றது. கிளம்பிய சேறு நீரைக் கலக்கி, எஞ்சிய புல்லுக்கும் ஒளி கிட்டாது செய்கின்றது. மடியின் சிறுகண்ணில் அகப்பட்ட குஞ்சுகள் கழிவு மீன் என்ற பெயரோடு கோழித் தீவனமாக அரைக்கப்படுகின்றன. நாளைய மீன் இன்று தூளாகின்றது.

வாசகர் பலர் இதை வாசித்ததும் இந்திய றோலர் படகுகளை நினைப்பர். அது நியாயமே. 1950களில் நோர்வே நாட்டின் உதவியோடு கேரளக் கரையிலே தொடங்கிய இயந்திரமயமாக்கலும், அதனைத் தொடர்ந்து எழுந்த இறால் ஏற்றுமதி மோகமும் தமிழ்நாட்டுக் கரையெங்கும் இழுவைப் படகுகளைப் பெருக்கின. யுத்த காலத்தில் வடபகுதி மீனவர் கடலுக்குச் செல்ல இயலாது முடங்கியிருக்க, அப்படகுகள் நம் கரையோரம்வரை வந்து பழகின. 2009இல் யுத்தம் முடிந்து, கடன்பட்டு வலை வாங்கிக் கடலில் இறங்கிய நம் மக்களின் நண்டு வலைகள் ஓரிரவில் அறுபட்டுப் போன கண்ணீர்க் கதைகள் எத்தனையோ. எதிர்க்கரையில் அப்படகுகளில் கூலிக்கு வருபவனும் ஏழைதான். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவிலே நம்மோடு ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் சகோதரனும் அவனே. அந்தப் புனிதர் இத்தாலியின் ரிமினிக் கரையில் மீன்களுக்குப் போதித்தார் என்பது மரபு. அவரது தீவைச் சூழ்ந்த கடலில் மீனின் தொட்டில் உடைக்கப்படுவது இரு கரையாருக்கும் வெட்கமானதாகும்.

இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017 யூலையில் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியாவும், பாக்கு விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற்றொழிலுக்கு மாற்றுவதற்கான திட்டமொன்றை அறிவித்தது. அத்திட்டமோ இலக்கை எட்டவில்லை. ஆகவே அயலாரை நோக்கி நாம் எழுப்பும் குரல் தொடர்ந்து ஒலிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் குரலுக்குரிய நேர்மை நம்மிடம் உண்டா? நம் கரைகளிலும் உள்ளூர் இழுவைமடி உண்டு. டைனமைற் வெடியில் முருகைக் கற்பாறைகள் சிதறுகின்றன. தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையும், அனுமதியற்ற சுருக்குவலையும், இரவில் ஒளிபாய்ச்சித் தொழில் செய்வதும் நாம் அறியாதவையல்ல. கடலட்டையின் விலை ஏற ஏற, குஞ்சென்றும் பாராமல் அது அள்ளப்படுகின்றது. கடலட்டை தன் வித்துக்களை நீரிலே விடும் உயிர். ஆணும் பெண்ணும் அருகருகே போதிய தொகையில் இருந்தாலன்றிக் கருக்கட்டல் நிகழாது. ஆதலால் கடைசி அட்டையைப் பிடிப்பதற்கு வெகுமுன்னரே அதன் சந்ததி அற்றுப்போகின்றது.

"பிள்ளைகளின் வயிற்றுக்காகத்தானே செய்கிறோம்" என்பது நமது விடை. அந்த விடையை நான் இலேசாக எண்ணவில்லை. கடன் புத்தகத்தோடு பங்குமனைக்கு வந்து அழும் தாய்மாரை நான் அறிவேன். ஆனால் அதே விடையைச் சொன்ன இன்னொரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போம்.

கனடாவின் கிழக்கே நியூபவுண்ட்லாந்துக் கடல் கொட் மீனுக்குப் பேர்போனது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அம்மீன் பல நாடுகளுக்கு உணவூட்டியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிநாட்டுப் பெரும் இழுவைக் கப்பல்கள் அங்கே குவிந்தன. 1968இல் அக்கடலிற் பிடிபட்ட வடபகுதிக் கொட் மீன் மட்டும் ஏறத்தாழ 8 இலட்சம் தொன். 1977இல் கனடா தன் கடல் எல்லையை 200 மைலுக்கு விரித்து அந்நியக் கப்பல்களை அகற்றியது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அந்நியர் விட்ட இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. மீன் சிறுத்து வருகின்றது என்று கரையோரச் சிறு மீனவர் சொன்னது உரியவர்களின் காதில் ஏறவில்லை. 1992 யூலை 2ஆம் திகதி அரசாங்கம் அத்தொழிலை முற்றாக நிறுத்த நேர்ந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தனர். முதலில் இரண்டு ஆண்டுகளுக்கென விதிக்கப்பட்ட தடை 2024 வரை நீடித்தது. அவ்வாண்டில் தடை நீங்கியபோது அனுமதிக்கப்பட்டதோ 18,000 தொன் மட்டுமே.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவானது. அந்நியன் போவதால் மட்டும் கடல் பிழைப்பதில்லை. அவனுடைய வலையை நாம் கையில் எடுத்தால், அழிவு நம் சொந்தக் கொடியின் கீழ் நிகழும்.

தூரத்துக் கதை என எவரும் ஒதுக்க வேண்டாம். மன்னாரின் முத்துப் பார்களை நினைவுகூருங்கள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தச் செல்வத்தைக் கண்டு, 1906இல் ஒரு கம்பனி 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாகின; கம்பனியும் மூடப்பட்டது. முத்துச்சிப்பியின் பெருக்கத்தில் இயற்கையான ஏற்றமும் இறக்கமும் உண்டென்பது உண்மையே. எனினும் இறக்கக் காலத்துக்கென எதையும் விட்டுவையாத கை, ஏற்றக் காலத்தை மீண்டும் காண்பதரிது. உலகளவில் நிலைமை இதனின்று வேறன்று. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனத்தின் கணிப்பின்படி, அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன் இருப்புக்கள் 1974இல் 10 வீதமாக இருந்தன. 2021இல் அவை 37.7 வீதமாயின.

திருவிவிலியம் இதைக் குறித்து மௌனமாக இருக்கவில்லை. இணைச்சட்ட நூலில் (22:6-7) சிறிய சட்டம் ஒன்று உண்டு. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்து எடுக்கலாகாது. தாயைப் போகவிட வேண்டும். நீடித்த வாழ்நாளே அதற்குரிய வாக்குறுதி. வயிற்றின்கீழ் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்துவரும் சினை நண்டை வலையிலிருந்து கழற்றிக் கடலில் விடும் மீனவன் அச்சட்டத்தை நிறைவேற்றுகின்றான். கடற்பசுவோ ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து ஒரு குட்டியையே ஈனும்; அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். அதைக் கொன்றவன் ஒரு தலைமுறையையே கொன்றவனாகின்றான்.

லேவியர் நூலோ (25ஆம் அதிகாரம்) நிலத்துக்கும் ஓய்வு ஆண்டு வேண்டும் என்கின்றது. நிலத்துக்கு ஓய்வு வேண்டுமெனில் கடலுக்கு வேண்டாமா? தமிழ்நாட்டின் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இழுவைமடியின் கேட்டை அது மாற்றிவிடாது. எனினும் கடலுக்கும் ஓய்வு கொடுக்க மனிதரால் இயலும் என்பதை அது காட்டுகின்றது. 2015 ஜனவரியில் மடுத் திருப்பதியில் நம் நடுவே நின்று செபித்த திருத்தந்தை பிரான்சிஸ், அதே ஆண்டின் நடுப்பகுதியில் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடலில், கட்டுப்பாடற்ற மீன்பிடியையும் முருகைக் கற்பாறைகளின் அழிவையும் படைப்புக்கு எதிரான காயங்களாக எடுத்துரைத்தார். ஆகவே இது மீன்பிடித் திணைக்களத்தின் அலுவல் மட்டுமன்று. நம் பாவசங்கீர்த்தன ஆயத்தத்திலும் இடம்பெற வேண்டிய விடயம்.

என்ன செய்யலாம்? மீனவர் சங்கங்கள் தம் கடலில் எந்த வலை, எந்தக் காலம், எந்த இடம் என்பதைத் தாமே கூடித் தீர்மானித்து, மீறுபவர் உறவினராயினும் தட்டிக்கேட்க வேண்டும். சம்மாட்டிமார் தம் தொழிலாளருக்குத் தடைசெய்த வலையைக் கொடாதிருக்க வேண்டும். அரசு, தொழில் மாற்ற விரும்பும் ஏழைக்குக் கைகொடுக்க வேண்டும். தண்டனை மட்டும் அவன் பிள்ளைக்குச் சோறு போடாது. சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசிகள் சினை நண்டையும் குஞ்சு மீனையும் வாங்க மறுத்தால், அவற்றைப் பிடிப்பவனுக்கும் அவற்றில் இலாபம் இராது. குருக்களாகிய நாங்களோ எதை மந்திரிக்கிறோம் என்பதை அறிந்து மந்திரிக்க வேண்டும்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரம் தோன்றிய நிகழ்ச்சி (யோவான் 21) நாம் நன்கு அறிந்ததே. இரவெல்லாம் வெறுமையாயிருந்த வலை, அவர் சொற்கேட்டு வீசியபோது 153 பெரிய மீன்களால் நிறைந்தது. பேதுரு வலையைக் கரைக்கு இழுத்தார், வலை கிழியவில்லை. அக்கரையிலே கரிநெருப்பின்மேல் மீனும், அதனோடு அப்பமும் ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தன. தம் சீடரின் பசியை அறிந்த ஆண்டவர், அவர்கள் வந்து சேருமுன்பே உணவை ஆயத்தம் செய்திருந்தார். அந்த ஆண்டவரை நம்புகின்றவர்களுக்குக் கடலடியைச் சுரண்டிப் பிழைக்க வேண்டிய அவசியம் இல்லை.

என்னிடம் அக்கேள்வியைக் கேட்ட முதியவர் இன்று உயிரோடு இல்லை. அன்று அவருக்குக் கொடாத விடையை இங்கே கொடுக்கின்றேன். அடுத்த திருவிழாவில் வலைகளை மந்திரிக்க நான் கரைக்கு வரும்போது, தீர்த்தச் செம்போடு ஓர் அளவுகோலும் என் கையில் இருக்கும். எந்த வலையையும் கேளாமல் மந்திரிக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு மீனைக் கையளிக்கும் வலையெது, பிள்ளைகளிடமிருந்து மீனைத் திருடும் வலையெது என்று கேட்டறிந்தே தூபம் காட்டுவேன். கடலைப் படைத்த ஆண்டவர் நம் கரங்களையும் கண்களையும் நேர்ப்படுத்துவாராக.